கலங்கல் மேல் ஒரு வரிசைக் கல்

எங்கள் பங்குக் கோவிலில் ஞானஸ்நானத் தொட்டிக்குப் பின்னால் இருந்த சுவரில் படம் வரைந்து தரச் சொல்லிச் சாமியார் கேட்டபோது, முடியாது என்றுதான் முதலில் சொன்னேன். அது ஓதம் ஏறிய சுவர். மழைக்காலத்தில் கை வைத்தால் சுண்ணாம்பு கையோடு வந்துவிடும். அதில் போய் எவள் படம் வரைவாள்? எழுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்தாறு வயது. சிங்கப்பெருமாள் கோவில் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்தேன். கல்யாணம் ஆகவில்லை, வாய் மட்டும் நீளம். சாமியார் தெற்கத்திக்காரர், எங்கள் பக்கத்துக்குப் புதுசு. "மாட்டேங்கறதுக்கு முன்னால ஒருநாள் சாயங்காலம் வந்து பாத்துட்டுச் சொல்லும்மா" என்றார்.

போய்ப் பார்த்தேன். நாலு மணி வெயில் மேற்கு ஜன்னல் வழியாக வந்து தொட்டித் தண்ணீரில் விழுந்தது. தண்ணீர் லேசாக அசைந்தால் போதும், அந்த வெளிச்சம் சுவரில் ஏறி நெளிந்தது. அந்த இடத்தில் தண்ணீரை வரைந்தால் வரைந்த தண்ணீர் தானாக ஆடும். வேறு எந்தச் சுவரிலும் இது நடக்காது. எனக்கு ஆசை வந்துவிட்டது. சரி சாமி, வரைகிறேன் என்றேன்.

ஆண்டவர் ஸ்நாபக அருளப்பர் கையால் ஞானஸ்நானம் பெறுகிற காட்சி. யோர்தான் நதியை நான் எங்கே கண்டேன்? எங்கள் ஏரியைத்தான் கண்டேன். ஒரகடத்திலிருந்து சேரப்பணஞ்சேரி போகிற பக்கம் ஏரிகளுக்குப் பஞ்சமே கிடையாது, அதில் ஒன்று எங்களுடையது. ஏரிக்குக் கிழக்கே, கரைக்குக் கீழே எங்கள் ஊர். தண்ணீருக்கு அந்தப்புறம் மேலண்டை ஊர். இரண்டு ஊரிலும் எங்களைப் போன்ற வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், பாதி, மற்றவர்கள் பாதி. இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒரே கோவில், அது எங்கள் ஊரில் இருந்தது.

பொடி வர்ணத்தில் வஜ்ஜிரப் பசையைக் காய்ச்சிக் கலந்து, ஏணி போட்டு வரைந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து தினமும் ஒன்றரை மணி நேரம், சனி ஞாயிறில் முழுநாள். யோர்தான் எங்கள் ஏரியாகப் போகிறது என்று தெரிந்ததுமே ஊர் சனம் என்னை நிம்மதியாக விடவில்லை. ஆளாளுக்கு வந்து நின்றுகொண்டு குறை சொன்னார்கள்.

"பனமரம் நாலுதான் கீது. அஞ்சு இல்ல?"

"மதகாண்ட எங்க வூட்டு எரும எப்பவும் படுத்துகினு இருக்குமே, அத எங்க காணோம்?"

ஆண்டவர் முகத்தைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அவர் எப்படி இருந்தாலும் அவர்களுக்குச் சம்மதம். ஏரி மட்டும் அச்சு அசலாக இருக்க வேண்டும். எரிச்சலாக வந்தாலும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஐந்தாவது பனைமரத்தைப் போட்டேன். எருமையையும் போட்டுத் தொலைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். அவரை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். ஏரித் தண்ணீரைப் பங்கு பிரிப்பதில் எங்கள் ஊரில் அவர் வைத்ததுதான் சட்டம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு படத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். ஆண்டவருக்குப் பின்னால் நான் கலங்கலை வரைந்திருந்தேன். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியே போகிற கல்சுவர் அது. நைனா அதன் எதிரே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா இது, கலங்கல் மொட்டையா கீது? மேல் வரிசக் கல்லு எங்க?"

"கோடையில பாத்தத வச்சி வரைஞ்சேன் நைனா. அப்ப கல்லு இல்ல."

"கோடையில எப்டி இருக்கும்? ஐப்பசி பொறந்தாதான அடுக்குவோம். இப்ப போய்ப் பாரு, வச்சாச்சு. அதையும் போடு. தண்ணியையும் அதுக்கேத்த மாதிரி ஏத்து. அப்பதான் நம்ம ஏரி மாதிரி இருக்கும்."

மறுநாளே போய்ப் பார்த்தேன். கலங்கலின் தலையில் ஒரு முழ உயரத்துக்குக் கல்லை வரிசையாக அடுக்கி, இடுக்கில் களிமண்ணும் பனையோலையும் அடைத்து வைத்திருந்தார்கள். வருஷா வருஷம் நடக்கிற வேலைதான். அந்த ஒரு முழத்தில் நிற்கிற தண்ணீர் எங்கள் ஊர் வயலுக்கு மாசி வரைக்கும் வரும். கல்லை அப்படியே வரைந்தேன். சாம்பல் நிறத்தில் இருபது கல், இடையில் பச்சை ஓலை. தண்ணீரை அதன் விளிம்பு வரை ஏற்றினேன். ஆண்டவருக்கு இடுப்பளவு வந்தது. நைனா மறுபடி வந்து பார்த்துவிட்டு, "இப்ப சரி" என்றார். அதற்கப்புறம் எங்கள் ஊரில் எத்தனையோ பேர் அந்தக் கல்லைப் பார்த்தார்கள். யாருக்கும் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை, மற்றவர்களை என்ன சொல்ல?

கார்த்திகையில் புயல் அடித்தது. மூன்று நாள் பேய் மழை. ஏரி நிரம்பி, கலங்கலில் தண்ணீர் வழிந்தது. எங்கள் பக்கம் எல்லோருக்கும் வாயெல்லாம் பல். மேலண்டையில் அழுகை. அடுக்கிய கல் தடுத்து வைத்த தண்ணீர் பின்னுக்கு ஏறி அவர்கள் வயலில் நின்றது. சம்பா நெல், சூல் கட்டி நின்ற பயிர். ஐந்தாறு நாள் மூழ்கினால் அழுகிவிடும். அவர்கள் வந்து கேட்டார்கள், கல்லை எடுங்கள் என்று. எங்கள் ஊர் ஆட்கள் கூசாமல் சொன்னார்கள், "எந்தக் கல்லு? சர்க்கார் கட்டின கலங்கல் எப்டி இருந்துச்சோ அப்டியேதான் கீது. பேஞ்ச மழ அப்டி."

தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும்போது கரையில் நின்று பார்த்தால் அடியில் இருப்பது சர்க்கார் கல்லா, நாங்கள் அடுக்கிய கல்லா என்று தெரியாது. இறங்கித் தடவிப் பார்க்கலாம் என்றால் எங்கள் ஊர் ஆட்கள் கம்போடு காவல் நின்றார்கள். மராமத்து ஆபீசர் வந்து பார்க்க ஒரு வாரமோ பத்து நாளோ ஆகும். அதற்குள் பயிர் போய்விடும். கடைசியில் மேலண்டைக்காரர்கள் சாமியாரிடம் போனார்கள். மாதா திருநாள் அந்த ஞாயிறு. பூசை முடிந்ததும் இரண்டு ஊரையும் கோவிலிலேயே வைத்து விசாரிக்கிறேன், என் பேச்சுக்கு இரண்டு பேரும் கட்டுப்பட வேண்டும் என்று அவர் சொன்னார். நைனா சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார். கல் இல்லை என்று எங்கள் ஊரே ஒரே வாயாகச் சொன்னால் சாமியார் என்ன செய்ய முடியும்?

வெள்ளிக்கிழமை மத்தியானம் திருநாளுக்காகக் கோவிலைக் கழுவ மேலண்டையிலிருந்து ஒருத்தி வந்தாள். அவளும் நானும் அஞ்சாங்கிளாஸ் வரை ஒரே பெஞ்சு. அவள் புருஷன் மெட்ராஸில் மூட்டை தூக்கினான், மாதம் ஒருமுறை வருவான். ஒரு ஏக்கர் நிலத்தை அவள் ஒருத்தியாகப் பார்த்துக்கொண்டாள். மூன்றாவது குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதற்கு ஞானஸ்நானம். நான்தான் ஞானத்தாய். நீதான் நிற்கணும் என்று குழந்தை வயிற்றில் இருக்கும்போதே சொல்லி வைத்திருந்தாள்.

கரைக்கல் மேல் நின்ற அருளப்பர் கால் விரலுக்கு நகம் வைத்துக்கொண்டிருந்தேன் நான். துடைப்பத்தோடு வந்தவள் பக்கத்தில் நின்றாள். புயலுக்கு அப்புறம் அன்றுதான் அவளைப் பார்க்கிறேன், கண் உள்ளே போயிருந்தது.

"பயிர் எப்டிடி கீது?" என்று கேட்டேன்.

"தலைக்கு மேல தண்ணி. இன்னும் ரெண்டு நாள் தாங்கும். அதுக்கு மேல தாங்காது." சொல்லிக்கொண்டே படத்தைப் பார்த்தாள். கிட்டே போனாள். விரலை நீட்டி, தொடாமல், ஒவ்வொரு கல்லாக எண்ணினாள். "இன்னா டீச்சரம்மா, கல்லெல்லாம் வரைஞ்சி வச்சிகீற!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஓலை கூடப் போட்டுகீற" என்றாள். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. "உங்க ஊரே சேந்து கல்லு இல்லேன்னு சாதிக்குது. நீ கோயில் செவுத்துலயே எழுதி வச்சிகீற. அழிச்சிடாதடி. நாளன்னிக்கி எங்க ஊர் ஆம்பளைங்க வந்து பாக்கற வரைக்கும் அழிச்சிடாத. உன் காலைப் புடிச்சிக் கேக்கறேன்."

அழிக்க மாட்டேன் என்று சொன்னேன். சத்தியம் எல்லாம் செய்யவில்லை. ஆனால் சொன்னேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நைனா வந்தார். அவள் எண்ணியதை யாரோ பார்த்துப் போய்ச் சொல்லிவிட்டார்கள். ஒரு கையில் சுண்ணாம்பு வாளி, இன்னொரு கையில் தென்னை மட்டை பிரஷ். வாளியைத் தொட்டி பக்கத்தில் வைத்தார்.

"கல்லை அழி."

"நைனா, நீங்கதான போடச் சொன்னீங்க?"

"போடச் சொன்னவன்தான் சொல்றேன். அழி."

"மேலண்டையில பயிர் அழுவிப் போவுது நைனா."

"நான் இன்னா, கண்ணு தெரியாதவனா? கல்ல எடுத்தா நம்ம கடைமடைக்கி தை மாசம் தண்ணி வராது. அவனுங்க அழுவறத இன்னிக்கி கேக்கறேன்னே வச்சிக்க. நம்ம சனம் அழுவறத அப்பறம் எவன் கேப்பான்?" குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நானும் கத்தியிருப்பேன், கத்துவதில் நான் சளைத்தவள் இல்லை. "நீ அழிச்சா கல்லு மட்டும் போவும். நான் அழிச்சா செவுரு பூரா போவும். ஆண்டவரும் போவாரு. பாத்துக்க."

இரண்டு மாத வேலை. அவர் சொன்னால் செய்கிற ஆள். பாழாய்ப் போன எருமை வரைக்கும் பார்த்துப் பார்த்து வரைந்த படம். அவள் பயிரை நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிட அதிகமாகச் சுவரைத்தான் நினைத்தேன். நீல வர்ணத்தைக் குழைத்து, கல்வரிசை மேல் பூசினேன். கால் மணி நேரத்தில் இருபது கல்லும் தண்ணீரானது. நைனா கடைசிக் கல் வரை நின்று பார்த்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கோவில் கொள்ளவில்லை. பூசை முடிந்ததும் சாமியார் யாரையும் வெளியே விடவில்லை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் அவர். மேலண்டைக்காரர்கள் நேராகப் போய்ச் சுவர் முன்னால் நின்றார்கள். என் கூட்டாளி சொல்லி வைத்திருந்தாள். கல்லைக் காணோம். அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

மேலண்டையில் ஒரு பெரியவர், ஏரியிலேயே பிறந்து வளர்ந்தவர், படத்தைச் சாய்ந்து சாய்ந்து பார்த்தார். திடீரென்று சிரித்தார். "சாமி, இங்க வந்து பாருங்க. கலங்கலுக்கு மேல ஒரு மொழம் தண்ணி நிக்கிது. வழியவும் இல்ல, ஓடவும் இல்ல. எது புடிச்சிகினு கீது இத?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். கல்லை அழித்தேனே தவிரத் தண்ணீரை இறக்கவில்லை. தாங்க ஒன்றும் இல்லாமல் தண்ணீர் அந்தரத்தில் நின்றது. மேலண்டை ஆட்கள் எல்லோரும் சத்தம் போட ஆரம்பித்தார்கள். எங்கள் ஆட்கள் பதிலுக்குச் சத்தம் போட்டார்கள். ஒருவன் இன்னொருவன் சட்டையைப் பிடித்துவிட்டான். கோவிலுக்குள் ரத்தம் விழுந்துவிடும் போலிருந்தது. சாமியார் பீடத்து மணியை எடுத்து விடாமல் அடித்தார்.

நைனா முன்னால் வந்தார். "படம்தான சாமி. பொம்பளப் புள்ள ஏதோ கை தவறி வரைஞ்சிடுச்சி. இதுக்குப் போயி அடிச்சிக்குவாங்களா?"

சாமியார் என் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லும்மா. அங்க கல் இருந்துச்சா? பாத்துத்தான வரைஞ்ச?"

கோவிலே என் வாயைப் பார்த்தது. நைனாவின் முகம் எனக்கு நேர் எதிரே. அதில் கோபம் இருந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். பயம் இருந்தது. அவர் பயந்து நான் பார்த்ததே இல்லை.

"தப்பா வரைஞ்சிட்டேன் சாமி" என்றேன். "கல்லு எதுவும் பாக்கல."

சாமியார் மணியைப் பீடத்தில் வைத்தார். அப்படியானால் ஆபீசர் வரும் வரை பொறுக்க வேண்டியதுதான் என்றார். மேலண்டைப் பெண்களில் யாரோ வாயில் அடித்துக்கொண்டு அழுதார்கள். என் கூட்டாளி அழவில்லை. ஞானஸ்நானத்துக்கு நேரமாகிவிட்டது என்று சாமியாருக்கு உதவியாக இருந்த உபதேசியார் சொன்னதும் தொட்டியருகே வந்தாள். வேறு யாரையாவது கூப்பிடுவாள் என்று நினைத்தேன். கூப்பிட மாட்டாளா என்று வேண்டிக்கொண்டேன். அவள் குழந்தையை என் கையில் வைத்தாள்.

"புடி டீச்சரம்மா. இவனுக்காவ நீதான பதில் சொல்லணும்."

வெள்ளைத் துணியில் சுற்றிய குழந்தை, கொசு வலை மாதிரி லேசு. எனக்குப் பின்னால் என் படம். சாமியார் புத்தகத்தைப் பிரித்து, குழந்தையின் சார்பில் ஞானத்தாயிடம் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"பசாசை விட்டுவிடுகிறாயா?"

விட்டுவிடுகிறேன் என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு சொல். எங்கள் ஊரில் எத்தனை குழந்தைகளுக்கு எத்தனை பேர் அதைத் தூக்கக் கலக்கத்தில்கூடச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு வாய் வரவில்லை. சாமியார் மறுபடி கேட்டார். வாய் திறந்தால் குழந்தைக்கும் சேர்த்துப் பொய் சொல்லிவிடுவேன் என்று இருந்தது.

"சாமி," என்றேன், "கல்லு இருந்தது. இருக்குது. இருபது கல்லு. நான் பாத்துத்தான் வரைஞ்சேன். நேத்து அழிச்சதும் நான்தான்."

குழந்தை வீறிட்டு அழுதது. நைனா தோளில் இருந்த துண்டை எடுத்து உதறி, மறுபடி தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனார். வீட்டுக்குத்தான் போகிறார், இனி என்னை வீட்டுக்குள் விடமாட்டார் என்று நினைத்தேன். சாமியார் மூன்றாவது முறை கேட்டார். விட்டுவிடுகிறேன் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மற்றதைப் போய்ப் பார்த்தவர்கள் சொல்லித்தான் தெரியும். கொடிமரத்துக்குக் குழி தோண்டிய கடப்பாரை கோவில் வாசலில் கிடந்தது. நைனா அதை எடுத்துக்கொண்டு நேராகக் கலங்கலுக்குப் போயிருக்கிறார். கட்டியிருந்த வெள்ளை வேட்டியோடு ஓடுகிற தண்ணீரில் இறங்கியிருக்கிறார். காவல் நின்ற எங்கள் ஊர் ஆட்கள் தடுக்கப் பார்த்தார்கள். உதவிக்கு இறங்குகிறோம் என்று மேலண்டை ஆட்கள் ஓடி வந்தார்கள். இரண்டு பேரையும் அவர் கிட்டே சேர்க்கவில்லை.

"எவனும் எறங்காத. வச்சவன் நானு, நான் எடுத்துக்கறேன்" என்றாராம். தனி ஆளாக அத்தனை கல்லையும் நெம்பித் தள்ளினார். அறுபதை நெருங்குகிற மனுஷன். தண்ணீர் இழுத்துக்கொண்டு போயிருந்தால் யார் என்ன செய்திருக்க முடியும்?

தண்ணீர் வடிய இரண்டு நாள் ஆயிற்று. என் கூட்டாளியின் ஒரு ஏக்கரில் பள்ளத்துப் பக்கம் அழுகிப்போனது, மேட்டுப் பக்கம் பிழைத்தது. எங்கள் ஊர்க் கடைமடை அந்தத் தையில் காய்ந்தது. எங்கள் நிலமும் அங்கேதான் இருந்தது. ஊரில் பாதிப் பேர் எங்களோடு பேச்சை நிறுத்தினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நைனா வீட்டுக்கு வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. இடது கையில் கல் பட்டுக் கிழிந்து, துண்டால் சுற்றியிருந்தார். அம்மா சோறு போட்டாள். அம்மாவுக்கு என் மேல் கோபம், எனக்குத் தட்டு வைக்கவில்லை. நான் அடுப்பங்கரைக் கதவை ஒட்டி நின்றேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம், பேசாமல் இருந்துவிட்டால் தாங்கமாட்டேன் என்று இருந்தது. அவர் பாதிச் சோற்றைச் சாப்பிட்டார்.

"படத்துல தண்ணி ஒரு மொழம் ஜாஸ்தியா கீது" என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டே. "நாளைக்கி போய் எறக்கிப் போடு."

"எறக்கினா பின்னால மேலண்ட வயல் தெரியும் நைனா. அதையும் வரையணும்."

"தெரியட்டும்" என்றார். "பச்சையா வரை."